சூடேற மறுக்கும் எஞ்சின்

மோட்டார் எஞ்சின் கொதித்துப்போய் நடுவழியில் நின்ற கதை இல்லாத குடும்பம் நம் நாட்டில் இருக்க முடியாது. மாமா கொடைக்கானலுக்குக் கார் எடுத்துக்கொண்டு போனது, பழனிக்குப் போன கல்யாணப் பஸ் பாதி வழியில் மூச்சு வாங்கியது, மூடியைத் திறந்ததும் ரயில் எஞ்சினைப் போல் ஆவி சீறியது, கிளீனர் பையன் வாளியும் கையுமாக ஓடையைத் தேடி ஓடியது - இவையெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டு சொல்லத் தகுந்த கதைகள். ஆனால், "எஞ்சின் சூடேறவே இல்லை, அப்பா!" என்று தொடங்கும் கதையை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். அந்த வியாதியில் கதைக்கு வேண்டிய சம்பவம் எதுவும் நடப்பதில்லை. ஆவி சீறாது, வண்டி நிற்காது. மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் வீடே அமளிப்படும். சோகை வந்தால் யாருக்குத் தெரிகிறது? முகம் கொஞ்சம் வெளுக்கும், மாடி ஏறினால் இளைக்கும், அவ்வளவுதான். குளிர்ந்தே கிடக்கும் எஞ்சினும் சோகைக்காரனைப் போன்றதுதான். தினம் தினம் வேலைக்குப் போகும். பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். சில வருஷங்களில், வயதுக்கு முந்திக் கிழடு தட்டிப் படுத்துவிடும்.

இந்தச் சோகை நோயைப் பரிசோதிக்க எந்த இடம் தகுந்தது என்று யோசித்தால், கொடைக்கானலைவிடப் பாச்சலூர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக மலை ஏறி, பரப்பலாறு அணையை மேலிருந்து பார்த்துக்கொண்டே போனால் கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது இந்த ஊர். இங்கே ஏரியும் படகும் இல்லை. காபித் தோட்டமும் மிளகுக் கொடியும் மலைவாழையும் உண்டு. மலையில் விளைவது கீழே இறங்கினால்தான் காசு. ஆகையால் இந்த ஊர்க்காரர்களுக்கு மோட்டார் வண்டி பொழுதுபோக்குச் சாமான் அல்ல. ஏர்மாட்டைப் போல வயிற்றுப்பாட்டுக்கு உரிய ஜீவன். ஏர்மாடு சோகையில் விழுந்தால் அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் வியாதியைப் பார்க்கும் முன், அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் இந்த வியாதியில் பாதி யந்திரத்தில் இருக்கிறது. மற்றப் பாதி சரித்திரத்தில் இருக்கிறது.

*

மோட்டார் வண்டியின் முதல் நீண்ட பிரயாணத்தைச் செய்தவர் ஒரு பெண்மணி. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் 1886-இல் தம்முடைய மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். வண்டியை வாங்கத்தான் ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில் ஒருநாள் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லிக்கொள்ளாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த பிறந்தகத்துக்கு அந்த வண்டியிலேயே கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. எண்ணெய் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். எல்லாவற்றுக்கும் மேலே அவரை வாட்டியது தண்ணீர்தான். அந்த எஞ்சினில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதன் மூலமே சூடு தணிந்தது. கண்ட இடத்தில் எல்லாம் இறங்கித் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டியிருந்தது. மோட்டார் உலகத்தில் "அம்மா, கொஞ்சம் தண்ணீர்" என்று முதலில் கேட்டவர் அந்த அம்மாள்தான் போலும்!

எஞ்சினுக்குள் எரியும் எண்ணெயின் சூட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மற்றதில் பெரும் பகுதி புகைக்குழாய் வழியாகவும், தண்ணீர் வழியாகவும் வீணே வெளியே போகிறது. அப்படிப் போகாவிட்டால் இரும்பு இளகிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஆரம்ப காலத்து மேதாவிகளின் மூளையெல்லாம் சூட்டை எப்படி வெளியே துரத்துவது என்பதிலேயே செலவழிந்தது. 1900-இல் வில்ஹெல்ம் மேபாக் என்பவர் மெர்ஸிடிஸ் காருக்காகத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். 8,070 சின்னஞ்சிறு குழாய்கள் அதில் இருந்தன. அவற்றின் வழியே காற்று பாய்ந்து தண்ணீரைக் குளிர வைத்தது. காரின் முகம் என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ அது அந்தத் தேன்கூட்டிலிருந்து பிறந்ததுதான்.

நம் மலைப் பக்கத்துக்கு வருவோம். 1875-இல் மதுரைக்கு ரயில் வந்த பிறகும் கொடைக்கானல் போவது சுலபமாக இருக்கவில்லை. அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோ ஏற வேண்டும். மேஜர் லா என்ற அதிகாரியின் பெயரால் வழங்கும் மலைப்பாதை 1914-இல் கட்டி முடிந்து, 1916-இல் பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. டோலி தூக்கிகளின் தோள் இளைப்பாறிற்று. ரேடியேட்டர்களின் கஷ்டகாலம் ஆரம்பித்தது.

அந்தக் காலத்துக் கார்களில் பலவற்றில் தண்ணீரைத் தள்ளுவதற்குப் பம்புகூடக் கிடையாது. ஃபோர்டின் புகழ்பெற்ற 'டி' மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். சூடான தண்ணீர் தானாக மேலே போகும், குளிர்ந்த தண்ணீர் தானாகக் கீழே வரும் என்ற இயற்கை விதியை நம்பியே அது ஓடிற்று. சமவெளியில் சரி, செங்குத்தான மலையில்? அங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. உயரே போகப்போகத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். ஏழாயிரம் அடி உயரத்தில் உள்ள கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையில் பருப்பு வேக நேரமாகிறது என்று வீட்டுப் பெண்கள் குறைப்படுவதும், கார் சீக்கிரம் கொதிக்கிறது என்று டிரைவர் குறைப்படுவதும் ஒரே குறைதான்.

1920-இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம்முடைய முதல் பஸ்ஸைத் தாமே ஓட்டத் தொடங்கினார். பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தைத் தொட்டுப் போகும் பாதை அது. அதன் பிறகு தமிழ்நாட்டில் பஸ்கள் பெருகின. பஸ்ஸோடு டிரைவர், கிளீனர், மேஸ்திரி என்ற புதிய வர்க்கமும் பெருகிற்று. அவர்களுக்குப் பள்ளிக்கூடம் சாலைதான், பாடம் அனுபவம்தான். சாலை அவர்களுக்குக் கற்பித்த முதல் பாடம் என்ன? சூடுதான் சத்துரு. தண்ணீர்தான் தெய்வம். குளிர்ந்த எஞ்சினே நல்ல எஞ்சின்.

இந்தப் பாடம் தகப்பனிடமிருந்து மகனுக்கும், மேஸ்திரியிடமிருந்து கையாளுக்கும் வந்தது. அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் பாடத்தின் பின்பாதி இன்னும் நடத்தப்படவில்லை.

*

பின்பாதி ஆரம்பமானதும் 1914-ஆம் வருஷத்திலேதான். லா மலைப்பாதை கட்டி முடிந்த அதே வருஷத்தில், அமெரிக்காவில் காடிலாக் கம்பெனியார் எட்டு சிலிண்டர் கார் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் தண்ணீரின் உஷ்ணத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என்ற கருவி இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1912-இல், ஹாரிசன் பாய்ஸ் என்ற அமெரிக்கர் ரேடியேட்டர் மூடியின் மேலேயே ஒரு தெர்மாமீட்டரைப் பொருத்தும் யோசனைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். டிரைவர் இருக்கையில் இருந்தபடியே எஞ்சினின் நாடியைப் பார்க்கலாம். நாடி பார்க்கத் தெரிந்த பிறகுதான், காய்ச்சலைத் தவிர வேறு வியாதியும் உண்டு என்று தெரிய வந்தது.

தெர்மோஸ்டாட்டின் வம்சாவளி வேடிக்கையானது. பதினேழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த கொர்னேலியஸ் ட்ரெபல் என்ற டச்சுக்காரர், கோழி இல்லாமலே முட்டை பொரிக்க ஓர் அடுப்புப் பெட்டி செய்தார். சூடு மிஞ்சினால் முட்டை வெந்துவிடும், குறைந்தால் கூமுட்டை. பெட்டிக்குள் சூடு ஏறினால் பாதரசம் உயர்ந்து காற்று வழியை அடைக்கும், தீ அடங்கும். சூடு இறங்கினால் வழி திறக்கும், தீ வளரும். கோழி தன் இறகுக்குள்ளே வைத்திருக்கும் ரகசியத்தை மனிதன் இப்படிக் கற்றுக்கொண்டான். தெர்மோஸ்டாட் என்ற பெயரைச் சூட்டியவர் ஆண்ட்ரு யூர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், வருஷம் 1830.

காருக்குள் புகுந்த தெர்மோஸ்டாட், எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் வாசலில் காவல்காரனைப் போல் உட்கார்ந்துகொண்டது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை கதவு சாத்தியிருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடேறும். 80 டிகிரியை ஒட்டி வந்ததும் கதவு மெல்லத் திறக்கும். ஏற்றத்தில் அகலத் திறக்கும், இறக்கத்தில் மூடிக்கொள்ளும். ஆரம்பத்தில் இதற்கு ஒரு சிறிய பித்தளைத் துருத்தியைப் பயன்படுத்தினார்கள். எளிதில் ஆவியாகும் திரவம் அதற்குள் இருக்கும். சூடு பட்டால் துருத்தி நீண்டு கதவைத் தூக்கும். பின்னால் 1930-களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் துருத்திக்குப் பதில் மெழுகை வைத்தார். மெழுகு உருகும்போது பருக்கும். அந்தப் பருமனே கதவைத் திறக்கும். இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் காவல் காப்பது இந்த மெழுகுதான்.

துருத்தியைச் செய்தவர்களின் முன்யோசனை ஒன்றைச் சொல்ல வேண்டும். துருத்திக்குள் காற்றை நீக்கி அடைத்திருப்பார்கள். அது ஓட்டையாகிப்போனால் தானாக விரிந்து, கதவு திறந்தபடியே நின்றுவிடும். காவல்காரன் செத்தாலும் கதவைத் திறந்து வைத்துவிட்டே சாவான். எஞ்சின் கொதிக்காமல் தப்பித்துக்கொள்ளும், ஆனால் சூடேறாது. அதாவது, பழைய கார்களில் சோகை வியாதி என்பது காய்ச்சலுக்குப் பயந்து வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட வியாதி!

*

"சூடேறாவிட்டால் என்ன ஐயா? நல்லதுதானே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியவில்லை, அல்லவா? குளிர்காலக் காலையில் காரின் புகைக்குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தவர்கள் நம்புவார்கள். எஞ்சின் சூடாக இருந்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகவே வெளியே போய்விடும். குளிர்ந்திருந்தால், கண்ணாடி டம்ளரின்மேல் பனித்துளி படிவதுபோல், சிலிண்டர்ச் சுவரில் படியும். எரிந்த வாயுவில் உள்ள அமிலங்கள் அதில் கரையும். பிறகு நடப்பது துருவின் கதைதான்.

1930-களில் இங்கிலாந்தில் மோட்டார் எஞ்சினீயர்கள் சங்கத்தின் சார்பில் சி. ஜி. வில்லியம்ஸ் என்பவர் சிலிண்டர் தேய்மானத்தை ஆராய்ந்தார். தேய்மானம் என்றால் இரும்போடு இரும்பு உரசுவது என்றே அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவருடைய சோதனைகளோ வேறு விதமாகச் சொல்லின. சிலிண்டர்ச் சுவர் குளிர்ந்திருக்கும்போதுதான் தேய்மானம் மளமளவென்று ஏறிற்று. உராய்வைவிட அரிப்புப் பெரிய எதிரியாக இருந்தது. இருபது வருஷங்களாக டிரைவர்கள் எதை ஆரோக்கியம் என்று போற்றினார்களோ அதுவே எஞ்சினைத் தின்றுகொண்டிருந்தது.

எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் நீர்த்துப்போகும். தண்ணீரும் கரியும் சேர்ந்து எண்ணெய்த் தொட்டியில் கறுப்புக் களியாகக் கிண்டப்படும். பொங்கலுக்கு ஒரு பதம் உண்டு, பாகுக்கு ஒரு பதம் உண்டு. எஞ்சினுக்கும் பதம் உண்டு என்பதே அந்த ஆராய்ச்சியின் சாரம்.

நம் ஊர்ப் பட்டறைகளுக்கு இந்தச் சாரம் மெல்லத்தான் வந்தது. அம்பாஸடர் கார் 1950-களின் பிற்பகுதியில் பிறந்து 2014 வரை தயாரானது. அந்தக் காரிலும் ஃபியட்டிலும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிவது எத்தனையோ மேஸ்திரிகளின் வழக்கமாக இருந்தது. "வெள்ளைக்காரன் தன் குளிருக்காக வைத்தது. நமக்கு எதற்கு?" என்பது அவர்கள் வாதம். அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிடுவது சுலபம், நியாயமாகாது. சித்திரை வெயிலில் கதவு மூடியபடி சிக்கிக்கொண்டால் எஞ்சின் ஒரே நாளில் போய்விடும். குளிர்ந்த எஞ்சின் போவதற்கோ வருஷங்கள் ஆகும். இன்றைக்கே கொல்லும் வியாதிக்கும், என்றைக்கோ கொல்லும் வியாதிக்கும் நடுவே ஏழை எதைத் தேர்ந்தெடுப்பான்? சரியான உதிரி சாமான் கடையில் கிடைக்காத நாளில் அவர்கள் செய்தது விவேகமான காரியம்தான். சாமான் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் பழக்கம் விடவில்லை என்பதுதான் தொல்லை.

*

இப்பொழுது பாச்சலூருக்குப் போவோம். மார்கழி மாதத்து விடியற்காலை. மூட்டைகள் ஏற்றிய பழைய ஜீப் ஒன்று ஒட்டன்சத்திரத்துக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எப்போது சூடேறும்? சமவெளியில் என்றால் சில மைல்களில் ஏறிவிடும். இங்கேயோ புறப்பட்டவுடன் இறக்கம். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரின் பிடியிலே வண்டி இறங்குகிறது. உள்ளே எரிவது கொஞ்சம், விசிறியும் பம்பும் சுற்றுவது முழு வேகம், எதிரே மலைக்காற்று. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் அடிவாரம் போய்ச் சேரும்வரை வெடவெடத்துக்கொண்டே போகும். சாயங்காலம் அதே ஜீப் உரமூட்டையோடு ஏறும்போது கொதிக்கப் பார்க்கும். காலையில் சோகை, மாலையில் காய்ச்சல்! சமவெளிக் கார் ஒரு வருஷத்தில் காணாத இரண்டு கோடிகளையும் மலை வண்டி ஒரே நாளில் காண்கிறது. தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று சொல்ல உலகத்தில் யாருக்காவது நியாயம் இருந்தால், மலைக்காரனுக்கு நிச்சயமாக இல்லை.

மலைப்பாதையே நல்ல வைத்தியனும்கூட. ஏற்றத்தில் உஷ்ணமானியின் முள் நடுவுக்கு வந்து, இறக்கத்தில் மடமடவென்று கீழே விழுந்தால், பெரும்பாலும் காவல்காரன் செத்துவிட்டான் என்று அர்த்தம். ஏற்றத்திலும் முள் அசையவில்லை என்றால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முள் பொய் சொல்லலாம். ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதுவும் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. தண்ணீர் குறைந்து, உஷ்ணம் பார்க்கும் கருவி தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் "சுகம், சுகம்" என்று சொல்லும். இதைவிட அபாயமான பொய் வேறில்லை.

தண்ணீர் சரியாக இருந்தால் அடுத்த சோதனைக்குக் கை ஒன்று போதும். காலையில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, விசிறியில் விரல் படாமல், எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் அந்தக் குழாய் சில நிமிஷம் சில்லென்றே இருக்கும். பிறகு திடீரென்று சுடும். கதவு திறந்தே கிடக்கும் வண்டியில் முதலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறும். கடைசிச் சோதனை சமையலறையைச் சேர்ந்தது. ஆறிய எஞ்சினிலிருந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாருங்கள். பச்சைத் தண்ணீரிலேயே வாய் பிளந்திருந்தால் வழக்கு முடிந்தது. மூடியிருந்தால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விட்டுப் போட்டுச் சுட வையுங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பித்தால் அது நிரபராதி. குற்றவாளியை முள்ளிலும், ஓயாமல் சுற்றும் விசிறியிலும் தேட வேண்டும். கழற்றப் போன இடத்தில் தெர்மோஸ்டாட்டே இல்லையா? ஆச்சரியப்படாதீர்கள். என்றோ ஒரு மேஸ்திரி உங்கள் எஞ்சினுக்கு நல்லது செய்திருக்கிறார்!

சிலர் குளிருக்காக ரேடியேட்டரின் முன்னால் கோணியைக் கட்டுவதுண்டு. குளிர்தேசங்களிலும் ஒரு காலத்தில் இதே வைத்தியத்தைச் செய்தார்கள். இறக்கத்துக்கு அது உதவும். ஏற்றத்தில் கோணியை அவிழ்க்க மறந்தால் பெர்த்தா அம்மாளைப் போலத் தண்ணீருக்கு அலைய வேண்டியதுதான். கோணிக்கு நேரம் காலம் தெரியாது. மெழுகுக்குத் தெரியும்.

இன்றைய கார்களில் கையால் தொட்டுப் பார்க்கும் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. எஞ்சின் உரிய நேரத்தில் உரிய சூட்டுக்கு வராவிட்டால், பி-0128 என்று ஒரு குறியீட்டைப் பதிவு செய்து, பல கார்களில் மஞ்சள் விளக்கையும் ஏற்றுகிறது. நம் நாட்டில் பி.எஸ்.-6 புகைக் கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்த பிறகு, குளிர்ந்த எஞ்சின் என்பது சொந்தக்காரரின் கவலை மட்டுமல்ல. அது கக்கும் அழுக்கு ஊராரின் மூச்சிலும் கலப்பதால் சட்டத்தின் கவலையும் ஆயிற்று. ஆனாலும், விளக்கு எரிந்தால் "சென்ஸாரைப் பிடுங்கிவிடலாம், சார்" என்று சொல்லும் மேஸ்திரி இன்னும் எங்காவது இருப்பார். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிய மேஸ்திரியின் பேரன் அவர்.

பழனி மலையில் தோளில் சுமை ஏறிய காலமும் போயிற்று. வாளியோடு ஓடையைத் தேடி ஓடிய காலமும் பெரும்பாலும் போயிற்று. பாச்சலூர் வண்டிக்காரர் ஒருவருக்கு எஞ்சின் இரண்டு வருஷம் கூடுதலாக உழைத்தால், அது ஒரு பெண்ணின் படிப்புச் செலவாக இருக்கலாம், ஒரு வீட்டின் கூரையாக இருக்கலாம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைச் சாமானும், அதற்குள் உருகி உறையும் ஒரு துளி மெழுகும் அந்த இரண்டு வருஷத்தைக் கொடுக்கின்றன. அடுத்த தடவை மேஸ்திரி எதையாவது கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இது எதற்கு, சார்?" என்று கேட்டால், அதை வாங்கித் துடைத்து, அது எதற்கு என்று தெரிந்துகொண்ட பிறகு பதில் சொல்லுங்கள்.